துளி என்றால் இளக்காரமா?

சென்னையில் ஒரு புகைப்படக் குழு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, யாராவது ஒருவருடைய அலுவலக மீட்டிங் அறையில் கூடுவோம். ஆளுக்கு மூன்று படம். புரொஜெக்டரில் போட்டதும் மூத்தவர்கள் கருத்துச் சொல்வார்கள். நடுவில் சமோசா, டீ. போன வருடம் ஒரு கூட்டத்தில் என் முறை வந்தபோது மூன்றையும் போட்டேன். கருப்புப் பின்னணியில் நீர்ப்பரப்பிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு நீர்த்தண்டு. சேம்பிலை மேல் உருண்டு நிற்கும் ஒரு துளி. செம்பருத்தியின் நடுத்தண்டு நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள் இருக்கும் இல்லையா, அதில் ஒன்றிலிருந்து தொங்கும் துளி. அதற்குள் தலைகீழாக இன்னொரு செம்பருத்தி.

இரண்டு பேர் "அழகா இருக்கு" என்றார்கள். பிறகு அவர் பேசினார். முப்பது வருடமாகப் படம் எடுப்பவர். நான் மதிக்கிற ஆள், இப்போதும்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க தம்பி. டெக்னிக்கலா குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இது எல்லாரும் தாண்டி வர்ற ஸ்டேஜ். பூ, துளி, பூனைக்குட்டி. போதும், தெருவுக்கு வாங்க. மனுஷங்களப் பாருங்க."

வர முடியாத நிலையைச் சொன்னேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. பகலில் வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலமும் ஞாயிறும் அவரோடுதான். இந்தக் கூட்டத்துக்கே தங்கை வந்து உட்கார்ந்ததால் வந்திருக்கிறேன். அவர் ஒரு கணம் அமைதியானார். பிறகு, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்:

"வீட்லயே இவ்வளவு பெரிய சப்ஜெக்ட்ட வச்சுக்கிட்டு எதுக்குத் தம்பி துளிய எடுக்குறீங்க? அப்பாவ எடுங்க. பிளாக் அண்ட் ஒயிட்ல. ஒரு வருஷம் விடாம எடுங்க. அதுதான் வொர்க்."

அறையில் பத்துப் பேராவது தலையாட்டினார்கள். நான் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு எப்போதும் பதில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும். இந்தக் கட்டுரை அந்தப் பதில். கொஞ்சம் நீளமாகிவிட்டது.

*

முதலில் அந்த 'சப்ஜெக்ட்' என்கிற சொல். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாங்க வந்தவர்களுக்கு நடுவே கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு கூட்டம் திரியும். நானும் நாலு வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். எங்களுக்கு வேண்டியவை எவை என்று போகும்போதே தெரியும்: சுருக்கம் விழுந்த முகம், வலை இழுக்கும் கை, பனிக்கட்டி உடைக்கும் பையன், ஒரு சாய்ந்த வெளிச்சம். பட்டியல் மனதில் இருக்கும், ஆட்களைக் கண்டுபிடித்து அதில் பொருத்துவோம். மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை நான் அப்படி எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். "இன்னாத்துக்கு இத்தினி தபா எடுக்குற, காசு குடுப்பியா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அந்த மாதம் குழுவில் சிறந்த படம் அதுதான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

இது என் தனிப்பட்ட அயோக்கியத்தனம் மட்டும் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். இந்தத் துறையின் சிகரங்களிலும் இதே கதை இருக்கிறது. டோரதியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவில் ஒரு கூலிப் பெண்ணை அவருடைய குழந்தைகளோடு எடுத்தார். உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்று அது. லாங்கே அவருடைய பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் வெளியே வந்தது 1978இல். ஸ்டீவ் மெக்கர்ரி 1984இல் பாகிஸ்தானிலிருந்த அகதி முகாமில் எடுத்த பச்சைக் கண் சிறுமி அடுத்த வருடம் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்தாள். ஷர்பத் குலா என்கிற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 2002இல். அதுவரை 'ஆஃப்கன் சிறுமி'.

உடனே என்னைத் தெருப் புகைப்படத்துக்கு எதிரி ஆக்கிவிடாதீர்கள். லாங்கேயின் படம் வெளியான பிறகுதான் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது (அதற்குள் தாம்ஸன் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது). படம் எடுத்ததால் நல்லது நடந்ததுண்டு. நண்பர்கள் சிலர் ஒரே தெருவில் ஐந்து வருடம் பழகி, வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்று, அதன் பிறகு படம் எடுக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். எனக்குப் பிரச்சினை ஒரே ஒரு கணக்கோடுதான்: மனிதன் இருந்தால் படம் கனமானது, பூ இருந்தால் படம் லேசானது. இந்தக் கணக்கில் எடுப்பவன் எப்படிப் பார்த்தான் என்பதற்கு எந்த வரிசையிலும் இடமில்லை. எடுக்கப்பட்ட பொருளே மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. கிழவி என்றால் 60 மார்க். அழுகிற கிழவி என்றால் 80.

பக்கவாதத்தில் கிடக்கும் சொந்த அப்பா என்றால்?

என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து வருடம் லேத் ஓட்டியவர். போட்டோ என்றால் சட்டை மாற்றி, தலை சீவி, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார். ரேஷன் கார்டு போட்டோவுக்கும் அப்படித்தான். இப்போது அவருக்கு வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சு பாதிதான் வருகிறது, வாய் ஒருபுறம் இழுத்திருக்கிறது. நான் கேமராவோடு எதிரில் போய் நின்றால் "வேண்டாண்டா" என்று சொல்ல அவருக்கு முழு வாக்கியம் ஒன்று தேவைப்படும். அந்த வாக்கியம் வெளியே வர அரை நிமிடம் ஆகும். நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும் கேமரா என்னுடையது.

*

துளிக்கு வருவோம். அது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு இரவு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். இரவுப் பணியிலிருந்த சிஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்: "சார், இந்த செட்டுல 20 சொட்டு ஒரு எம்.எல். 500 எம்.எல்.லை எட்டு மணி நேரத்துல ஏத்தணும்னா நிமிஷத்துக்கு 21 சொட்டு. வேகமாப் போனா இந்த உருளையைத் திருகாதீங்க, என்னைக் கூப்பிடுங்க." தூக்கம் வராத இரவுகளில் அதைத்தான் எண்ணினேன். ஒரு சொட்டு குழாய் நுனியில் பருத்து, கழுத்து மெலிந்து, அறுந்து விழும். அடுத்தது. கையில் போனே இருந்தும் போனைப் பார்க்கத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பொருளை மணிக்கணக்காகப் பார்த்தது அங்கேதான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லில் போட்டிருந்த பொருள்களில் பிரிக்காத டிரிப் செட் ஒன்று பையில் மிஞ்சி வந்தது. அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் செருகி, சமையலறை அலமாரிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். கீழே கருப்புப் பிளாஸ்டிக் டிரே. பழைய 18-55 லென்ஸைத் திருப்பி மாட்ட 300 ரூபாய்க்கு ஒரு வளையம். கடன் வாங்கிய ஒரு ஃபிளாஷ். மொத்த ஸ்டூடியோவும் இவ்வளவுதான். நேரம்: அப்பா தூங்கிய பிறகு, இரவு பதினொன்றிலிருந்து. அவர் அறையில் ஃபேனை அணைக்க முடியாது, சமையலறையில் அணைக்கலாம். இந்த நெருக்கத்தில் துல்லியமாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்து அறை ஃபேன் காற்று பூவின் இதழை அசைத்தாலே படம் போச்சு. ஊரெல்லாம் திட்டும் கரண்ட் கட் துளிக்காரனுக்குத் தீபாவளி.

துளியைப் படம் எடுப்பது சுலபம், வேகமான ஷட்டர் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஃபிளாஷோடு ஒத்துப்போகும் 1/200 நொடி ஷட்டரில் அது 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். துளியின் விட்டமே நாலரை மில்லிமீட்டர்தான். அதனால் ஷட்டர் துளியை நிறுத்துவதில்லை, வெளிச்சம்தான் நிறுத்துகிறது. அறையை இருட்டாக்கி, ஃபிளாஷை மிகக் குறைந்த சக்தியில் வைத்தால் அது 1/20,000 நொடி, சிலவற்றில் இன்னும் குறைவான நேரம் மட்டும் மின்னும். அந்த நேரத்தில் துளி நகர்வது 0.14 மில்லிமீட்டர். முடியை விடக் கொஞ்சம் அதிகம். எங்கே விழும் என்று தெரிந்துகொள்ள ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, அதன் மேல் ஃபோகஸ் பண்ணிவிட்டு எடுத்துவிட வேண்டும். சொட்டு அறுந்து தண்ணீரைத் தொட 0.29 நொடி ஆகும். கண் பார்த்து விரல் அழுத்த ஒரு மனிதனுக்குச் சுமார் 0.2 நொடி. நூலிழையில் நம்மால் முடிகிற காரியம். சென்சாரும் டைமரும் விற்கிறார்கள். வாங்கவில்லை. பன்னிரண்டு இரவு எண்ணிய கண்ணுக்கு அந்தத் தாளம் பழகியிருந்தது.

முந்நூறு படம் எடுத்தால் ஆறு தேறும். தேறாத 294இல்தான் எனக்குப் பாடம் நடந்தது. ஆழமான தண்ணீரில் விழுந்தால் குழி விழுந்து, அந்தக் குழி மூடும்போது நடுவிலிருந்து தண்டு எழும்பும். மெல்லிய படலமாகப் பாலை ஊற்றி அதில் விழவைத்தால் கிரீடம் எழும்பும். (பால் குறைவதைப் பற்றி அம்மா கேட்டாள். சொன்னேன். "கடவுளே" என்றாள்.) விழுகிற சொட்டு, நாம் ஐகானில் வரையும் கூர்நுனி வடிவத்தில் இல்லவே இல்லை. சின்னது உருண்டை, பெரிய மழைத்துளி அடியில் தட்டையாகி பன் மாதிரி ஆகிவிடும். குழாயை விட்டுப் பிரியும் கணத்தில் மட்டும் ஏறக்குறைய அந்தக் கூர்நுனி தெரியும். நான் வேலை பார்க்கும் செயலியில் தண்ணீருக்கு அந்தக் கூர்நுனி ஐகானை வைத்தவன் நானேதான்.

*

இந்த இடத்தில் ஆர்தர் வொர்திங்டன் வர வேண்டும். இங்கிலாந்து இயற்பியலாளர். நான் எடுத்த நீர்த்தண்டுக்கு இயற்பியலில் அவர் பெயர்தான்: வொர்திங்டன் ஜெட். 1870களில் அவர் துளிகளை ஆராயத் தொடங்கியபோது அந்த வேகத்துக்குப் படம் பிடிக்க வழியில்லை. இருட்டறையில் துளியை விழவிட்டு, சரியான கணத்தில் ஒரு மின்பொறியை அடித்து, கண்ணில் எஞ்சி நிற்கும் பிம்பத்தை உடனே கையால் வரைந்தார். மறுபடி துளி, இந்த முறை ஒரு கணம் தாமதமாகப் பொறி, மறுபடி வரைபடம். சமையலறையில் நான் செய்வதும் அதேதான், கேமரா ஒன்றுதான் கூடுதல். இப்படி ஏறக்குறைய இருபது வருடம் வரைந்தார். அற்புதமான வரைபடங்கள். எல்லாக் கிரீடமும் சீர். எல்லாக் கதிரும் சம தூரத்தில். பூ மாதிரி.

1894இல் அந்த மின்பொறி வெளிச்சத்திலேயே படம் பிடிக்க அவருக்கு முடிந்தது. படங்களில் கிரீடங்கள் கோணல். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் உடைசல். கதிர்கள் கன்னாபின்னா. எந்த இரண்டு துளியும் ஒன்றுபோல விழவில்லை.

வொர்திங்டன் பொய்யர் இல்லை. பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். கோணலான தெறிப்புகளையும் அவர் வரைந்துதான் வைத்திருந்தார். ஆனால் வெளியிடத் தேர்ந்தெடுக்கும்போது சீரானவற்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஏதோ பிசகு என்று ஒதுக்கியிருந்தார். சரியான தெறிப்பு ஒன்று இருக்கிறது, இவையெல்லாம் அதன் சிதைவுகள் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிட்டிருந்தது. இதை அவர் மறைக்கவில்லை. தன் மனம் தன்னை எப்படி ஏமாற்றியது என்பதைத் தன் புத்தகத்திலேயே எழுதினார்.

அம்பத்தூர் சமையலறையில் இரவு ஒரு மணிக்கு இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அன்று மாலைதான் 300 படங்களில் 294ஐ அழித்திருந்தேன். எந்த அடிப்படையில்? கோணல் என்கிற அடிப்படையில்.

என் மூத்தவர் துளியை 'தாண்டி வர வேண்டிய ஸ்டேஜ்' என்றாரே, ஒரு நேர்மையான இயற்பியலாளருக்கு அந்த ஸ்டேஜைத் தாண்ட இருபது வருடம் ஆகியிருக்கிறது. தாண்டியது எதை? தான் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்த படத்தை. காசிமேட்டுக்கு மனதில் பட்டியலோடு போன நான் தாண்டாததும் அதைத்தான். அந்தப் பாட்டியின் முகத்தில் எனக்கு வேண்டியது 'துயரம்'. அவர் அன்று பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்த படமும் என்னிடம் இருந்தது. அதை அழித்துவிட்டேன். பிசகு என்று.

துளியிடம் இந்தத் தில்லுமுல்லு நடக்காது என்று சொல்லவில்லை, தாராளமாக நடக்கும். ஆனால் துளியிடம் செய்தால் யாருக்கும் காயமில்லை. மறுநாள் இரவு திரும்பி வந்து திருத்திக்கொள்ளலாம். இன்னும் முந்நூறு துளி காத்திருக்கும். பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எது? நீச்சல் கற்க யாராவது நேராகக் காசிமேட்டில் போய்க் குதிப்பார்களா?

*

இனி என் சொந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். துளிக்கும் பூவுக்கும் இவ்வளவு இளக்காரம் வந்ததில் துளிக்காரர்களின் பங்கு பெரியது.

கிளிசரின். தண்ணீரில் கலந்து ஊசியால் இதழ் மேல் வைத்தால் மணிக்கணக்கில் ஓடாமல், காயாமல், முத்து மாதிரி நிற்கும். சினிமாவில் கண்ணீருக்குப் போடுவதும் இதையேதான். விளம்பரத்துக்கு எடுக்கும் ஆப்பிள் மேல் கிளிசரின் போடுங்கள், அது வியாபாரம். ஆனால் ரோஜா மேல் கிளிசரின் வைத்துவிட்டு 'அதிகாலைப் பனித்துளி' என்று தலைப்பு வைப்பது வேறு. அது கிளிசரின் போட்டு அழுதுவிட்டு அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று பேட்டி கொடுப்பது.

அந்தப் 'பனித்துளி'யைப் பற்றி இன்னொன்று. விடிகாலையில் புல் நுனியில், தக்காளி இலையின் விளிம்பில், சேம்பிலை முனையில் வரிசையாக நிற்கும் துளிகளில் பெரும்பாலானவை பனியே இல்லை. இரவில் வேர் உறிஞ்சிய நீரை இலை தன் விளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியே தள்ளியது. பனி என்றால் இலைப்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். விளிம்பில் மட்டும் சீரான இடைவெளியில் உருண்டு நின்றால் அது செடியின் நீர். எங்கள் வீட்டுச் சேம்பில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இரவு ஒரு மணிக்குத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். விடிவதற்குள் அதே முனையில், அதே இடத்தில், மறுபடி ஒரு துளி. கவிதையிலும் கேப்ஷனிலும் வானத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி வேருக்குப் போக வேண்டியது.

சேம்பிலை என்றதும் தாமரை இலைத் தண்ணீர். ஒட்டாமல் வாழ்வதற்கு அதைவிட உவமை இல்லை என்று நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். ஏன் ஒட்டுவதில்லை என்று நெருங்கிப் பார்த்து, 1997இல் விரிவாக எழுதியவர் ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். இலை வழவழப்பாக இருப்பதால் இல்லை, நுண்ணிய அளவில் அது சொரசொரப்பாக இருப்பதால். மெழுகு பூசிய குட்டிக் குட்டி மேடுகளின் உச்சிகளை மட்டும் துளி தொடுகிறது, இடையில் காற்று மாட்டிக்கொள்கிறது. சேம்பிலும் இதேதான். பக்கவாட்டில் தாழ்ந்து பார்த்தால் துளிக்கு அடியில் பாதரசம் மாதிரி ஒரு வெள்ளிப் பளபளப்பு தெரியும். அது அந்தக் காற்றுதான். என் இரண்டாவது படத்தில் அது இருந்தது. கூட்டத்தில் ஒருவர்கூட அது என்ன என்று கேட்கவில்லை. அழகா இருக்கு என்றார்கள். அழகு என்கிற சொல்லை ஆறு மாதத்துக்குத் தடை செய்தால் இந்தத் துறை கொஞ்சம் தேறும்.

அப்புறம் கிரீடம். அமெரிக்க மின்பொறியாளர் ஹெரால்ட் எட்கர்டன் ஸ்ட்ரோப் விளக்கால் பால்துளிக் கிரீடங்களைப் பல ஆண்டுகள் எடுத்தார். 1957இல் சிவப்புப் பின்னணியில் எடுத்த படம் உலகப் புகழ். தன்னைக் கலைஞர் என்று அழைப்பதில் அவருக்கு விருப்பமில்லை, பொறியாளர் என்றே சொல்லிக்கொண்டார். இத்தனை காலம் முயன்றும் அவருடைய கிரீடத்தில் கதிர்கள் முழுக்கச் சீராக இல்லை. உற்றுப் பார்த்தால் தெரியும். அவர் அதைச் சீராக்கித் தரவும் இல்லை. இன்று இணையத்தில் வரும் கிரீடங்களைப் பாருங்கள். பாதிப் படத்தை வெட்டி மறுபுறம் திருப்பி ஒட்டியது போல அவ்வளவு கச்சிதம். பலவற்றில் அப்படித்தான் ஒட்டியும் இருக்கிறார்கள்.

போன மாதம், படம் வரைந்து தரும் ஒரு செயற்கை நுண்ணறிவிடம் பால்துளி விழும் கணத்தைக் கேட்டேன். பத்து நொடியில் தந்தது. அச்சு அசல் வொர்திங்டன் 1894க்கு முன் வரைந்தது! சம தூரக் கதிர், ஒவ்வொரு நுனியிலும் ஒரே அளவு முத்து. மென்பொருள்காரனாக எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நாம் எவற்றை வைத்துக்கொண்டு எவற்றை அழித்தோமோ, அந்த மிச்சத்தைத் தின்றுதான் அது வளர்ந்தது. நாம் எல்லோரும் சேர்ந்து அழித்த 294 அதற்குத் தெரியாது. ஒரு தனிமனிதன் தன் மனதின் ஏமாற்றை உணர்ந்து வெளியே வர இருபது வருடமும் ஒரு மின்பொறியும் தேவைப்பட்டது. நாம் அதைப் பத்து நொடியில் திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறோம்.

*

இதை வாசிக்கும் நண்பர்களில் சிலர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஊரே பற்றி எரியும்போது துளியும் பூவுமா? நியாயமான கேள்வி. இதற்கு ஒரு தயார்ப் பதிலும் உண்டு: துளிக்குள் உலகமே இருக்கிறது, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஒரு குடத்துக்காக நின்ற வரிசையை நினையுங்கள், ஒவ்வொரு துளியும் அரசியல் என்று நீட்டலாம். அந்தக் கோடையில் எங்கள் தெருவும் லாரித் தண்ணீருக்கு நின்றது உண்மைதான். ஆனால் என் சமையலறைத் துளிக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட எனக்கு மனமில்லை. அதில் உலகம் இல்லை. அதற்குள் இருப்பது பின்னால் வைத்த செம்பருத்தியின் தலைகீழ் பிம்பம், அது ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்வதால். அவ்வளவுதான். துளியைத் துளியாகப் பார்க்க விடாமல் அதற்குத் தத்துவத்தையோ தியாகத்தையோ ஏற்றுவதும், கிழவியின் முகத்தில் துயரத்தை ஏற்றுவதும் ஒரே கை செய்கிற வேலை.

வேறு மாதிரி சொல்கிறேன். அப்பாவை நான் தினமும் பார்க்கிறேன். குளிப்பாட்டுகிறேன், மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன், முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஒரு சிவப்பு வெறும் அழுத்தமா, புண்ணாகப் போகிற சிவப்பா என்று விரலால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தி விட்டதும் வெளுத்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் சிஸ்டருக்குப் போன் பண்ண வேண்டும். பார்ப்பதில் குறை வைக்கவில்லை சார். படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ஓர் இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைக் கட்டில் மேசையில் வைத்து, அன்று எடுத்த பால் கிரீடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இப்போதெல்லாம் எதையும் அழிப்பதில்லை. நாற்பது படம் இருக்கும். சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர், இருபதாவதோ என்னவோ, இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கிரீடம் ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் சரிந்து கிடந்த படம். வாயைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார்:

"சென்டர்... அவுட்டு."

"ஆமாப்பா. எல்லாமே அப்படித்தான் வருது."

இல்லை என்று தலையசைத்தார். முன்னால் வந்த படங்களுக்குத் திரும்பச் சொன்னார். பின்னால் போனேன். நாலைந்து படத்தை விரலால் காட்டினார். எல்லாவற்றிலும் கிரீடம் ஒரே பக்கம்தான் உயர்ந்திருந்தது. நாற்பது படத்தையும் பார்த்தவன் நான், அது என் கண்ணில் படவில்லை.

"அடியில... சிம்மு... குடு."

லேத்தில் வேலைத்துண்டு மட்டத்துக்கு வராவிட்டால் அடியில் மெல்லிய தகடு கொடுப்பார்கள். அதைச் சொல்கிறார். டிரே சாய்ந்திருக்கிறது, பால் ஒரு பக்கம் மெல்லிசாகவும் ஒரு பக்கம் தடிப்பாகவும் நிற்கிறது, அதனால்தான். சொல்லி முடித்ததும் சிரித்தார். பாதி முகத்தால். பட்டறையில் பையன்களைப் பிடித்துவிட்டால் சிரிக்கும் அதே சிரிப்பு. கேமரா சமையலறையில் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

அவர் தூங்கிய பிறகு ஒரு காலி மாத்திரை அட்டையை மடித்து டிரேயின் ஒரு மூலைக்கு அடியில் வைத்தேன். பால் ஊற்றி, விளக்கை அணைத்து, உருளையைத் திருகினேன். மூன்றாவது துளியிலேயே கிரீடம் வந்தது. இன்னும் கோணல்தான். ஆனால் வேறு பக்கம்.